ஒரு கிலோவாட் அண்ணன்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நான் நலம், என் தூக்கம் மட்டும் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வீட்டுக்குப் போடாமல் உங்கள் மருந்துக்கடை முகவரிக்குப் போட்டிருக்கிறேன். ஏன் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அண்ணி, நேற்று இரவு இரண்டு மணிக்கு ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு வானொலி நிலையத்தைப் பிடித்துவிட்டேன்! மாலுமிகளுக்குக் காற்று நிலவரம் வாசித்தார்கள். எனக்குக் கப்பலும் இல்லை, கடலும் இல்லை. ஆனாலும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கேட்டேன்.

இந்தப் பைத்தியம் பிடித்து ஏழு மாதமாகிறது. பகலில் பல் கட்டும் கூடத்தில் ஊரார் தாடைக்கு அச்சு வார்க்கிறேன். ராத்திரியானால் மேஜை விளக்கை அணைத்துவிட்டு ரேடியோவிடம் காதைக் கொடுத்துவிடுகிறேன். மத்திய அலை பகலில் சொந்த ஊரைத் தாண்டாத சோம்பேறி. இருட்டியதும் வானத்தின் மேல்தட்டில் மோதித் திரும்பி, எங்கெங்கோ போய் விழும். அதைப் பிடிக்க ஒரு பழைய ஜன்னல் சட்டத்தில் தாமிரக் கம்பியைப் பதினெட்டுச் சுற்று சுற்றி வைத்திருக்கிறேன். சட்டத்தை இப்படித் திருப்பினால் ஒரு நிலையம், அப்படித் திருப்பினால் வேறொன்று. கேட்டதை நேரத்தோடு குறித்து அந்த நிலையத்துக்கு அறிக்கை அனுப்பினால், சரிபார்த்து ஒரு அட்டை அனுப்புவார்கள். இதுவரை முப்பத்தாறு அட்டை வந்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போய் மூன்று வருடம். "உன் குரல் இனிமே என் காதுல விழக் கூடாது" என்று அண்ணன் சொல்லியும் மூன்று வருடம். நான் போட்ட பதினோரு கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தன. சரி, என் குரல்தானே அவன் காதில் விழக் கூடாது? அவன் குரல் என் காதில் விழக் கூடாது என்று சொல்லவில்லையே!

உங்கள் ஊர் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக அவன் எந்த நேரம் பேசுகிறான், எத்தனை கிலோவாட்? உடனே எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடைக்காரிக்கு அதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான், இருந்தாலும் சொல்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 15

அருமை வாலுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத்தான் நம்ப முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மாலுமிகளோடு விழித்திருக்கும் பெண்ணுக்கு எந்த மருந்தும் என் கடையில் இல்லை.

உன் அண்ணன் தினமும் இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை பேசுகிறார். வீட்டில் பேசாததையெல்லாம் சேர்த்து அங்கே பேசிவிடுகிறார். அலைவரிசை 1395. சக்தி ஒரே ஒரு கிலோவாட். நாங்கள் ஊர் எல்லையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனாலே சமயத்தில் கரகர என்கிறது. நீ தொள்ளாயிரம் கிலோமீட்டரில் இருக்கிறாய். ஆசைக்கு அளவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் கேள். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் கை பரபர என்கிறது. நேயர் கடிதம், அறிக்கை எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவது அங்கே யார் தெரியுமா? சாட்சாத் உன் அண்ணன்தான்! "சரியான அறிக்கைக்குப் பதில் போடாம இருக்கிறவன் அந்த நாற்காலியில உட்காரவே தகுதியில்லாதவன்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தங்கை கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம். நேயர் அறிக்கையைத் திருப்பி அனுப்புவாரா? பார்த்துவிடுவோம்.

இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை பதினொன்றுக்குப் புல்லாங்குழல், பதினொன்றே காலுக்கு ஆழ்கடல் பற்றிய பேச்சு என்று சட்டைப் பையில் இருந்த தாளில் பார்த்தேன். துணியை ஊறப்போடும் முன் பையைப் பார்ப்பது மனைவியின் கடமை.

வேளைக்குச் சாப்பிடு. கடிதத்தைக் கடைக்கே போடு.

அண்ணி


ஜூன் 26

அண்ணி! அண்ணி! அண்ணி!

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை. கேட்டுவிட்டேன்!

1395இல் நூறு கிலோவாட் பெரிய நிலையம் ஒன்று அகலக்கால் வைத்து உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அதை அமுக்கினேன். பதினொன்று மூன்றுக்கு அடியிலிருந்து புல்லாங்குழல் மெல்ல மேலே வந்தது. பதினொன்று பதினாறுக்கு ஒரு ஆண் குரல், "ஆழ்கடல்" என்று தெளிவாகக் கேட்டது. அண்ணன் குரல்தான். அந்த அடித்தொண்டையை எங்கே கேட்டாலும் தெரியாதா எனக்கு? அப்படியே அழுதுவிட்டேன். மாடியில் குடியிருக்கும் தையல்காரர் இறங்கி வந்து, "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க, கிடைச்சிட்டாங்க" என்றேன்.

காலையில் முதல் வேலையாக அறிக்கையைத் தபாலில் போட்டேன். பெயரை மறைக்கவில்லை. கையெழுத்தும் என்னுடையதுதான். இனி அவன் பாடு.

அவனுக்கு இருமல் வருமே, எப்படி இருக்கிறது? உங்கள் முழங்கால் வலி?

காற்றில் மிதக்கும்
நாத்தனார்


ஜூலை 18

மதிப்பிற்குரிய நேயருக்கு,

வணக்கம். தங்கள் ஜூன் 26 தேதியிட்ட அறிக்கை கிடைத்தது. நிலையப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்.

ஜூன் 25 அன்று இரவு 10.50 முதல் 11.40 வரை மின்தடை காரணமாக எங்கள் ஒலிபரப்பு நடைபெறவில்லை. புல்லாங்குழலும் ஆழ்கடல் பேச்சும் அன்று ஒலிபரப்பாகவே இல்லை. ஆகவே சரிபார்ப்பு அட்டை வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம்.

தாங்கள் நலமுடன் இருக்க விழைகிறோம்.

நேயர் தொடர்பு அலுவலர்


ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள், வெட்கத்தில் இருக்கிறேன். ஆனால் வெட்கத்தோடு வெட்கமாக ஒரே குதூகலம்! மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணன் எனக்கு எழுதியிருக்கிறான்! மறுப்புத்தான். அதனால் என்ன? உறைமேல் முகவரி அவன் கையெழுத்து. "நலமுடன் இருக்க விழைகிறோம்" என்பது எல்லா நேயருக்கும் போடும் வரி என்று தெரியும். பத்துத் தடவை படித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். புல்லாங்குழல் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததால் கேட்டது. பெரிய நிலையத்தின் இரைச்சலுக்குள் ஏதோ ஒரு இழுவை, அதைக் காது புல்லாங்குழலாக்கிவிட்டது. "ஆழ்கடல்" என்று யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்லிக்கொண்டேன். புதிதாக இந்த வேட்டைக்கு வருகிறவன் செய்யும் தப்பு. முப்பத்தாறு அட்டை வைத்திருப்பவள் செய்யலாமா? ஆசை வெட்கமறியாது.

எனவே அண்ணி, சத்தியம் செய்யுங்கள். இனி நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை எனக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது. நானே கெஞ்சினாலும் கூடாது.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

அசட்டு நாத்தனார்


ஆகஸ்ட் 9

அன்புள்ள வாலுக்கு,

சத்தியம். போதுமா? நாங்கள் சுகம்.

பதில் எழுதத் தாமதித்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. உன் அறிக்கை வந்த அன்று பதிவேட்டை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று முகத்தை வைத்துக்கொண்டு, "யாரோட அறிக்கைங்க?" என்று கேட்டேன்.

"தொள்ளாயிரம் கிலோமீட்டர்ல ஒரு நேயர்" என்றார்.

அப்புறம் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆறிப்போனது. பிறகு சொன்னார்: "அன்னிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லல. இன்னிக்குக் கேட்காததைக் கேட்டேங்கிறா. அவளை எதை வச்சு நம்பறது?"

உனக்கு வலிக்கும். மறைத்தால் இன்னும் வலிக்கும் என்பதால் எழுதுகிறேன். மருந்து கசந்தால் என்னைத் திட்டிக்கொண்டே விழுங்கு.

அண்ணி


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். விழுங்கிவிட்டேன். உங்களைத் திட்டவில்லை.

அவன் சொன்னது நியாயம். ஆனால் யாருக்கும் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். அப்பா போவதற்கு மூன்று நாள் முன்பே மருத்துவர் கையை விரித்துவிட்டார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனைக் கூப்பிடாதே, நேரடி ஒலிபரப்பு இருக்கு" என்றார். இதை மட்டும்தான் அண்ணனிடம் சொன்னேன். இது பாதிதான். மீதி என்னவென்றால், அண்ணனுக்குத் தந்தி அடித்தால் அப்பா போகப்போவது நிச்சயம் என்று ஆகிவிடும், அடிக்காதவரை இல்லை என்று இருந்தேன். தந்தி ஆபீஸ் வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். அந்த மூன்று ராத்திரியும் அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன், அண்ணி. எவ்வளவு பயந்தேன் என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை.

சரி, அழுமூஞ்சி போதும். இங்கே யுத்தமே நடந்துகொண்டிருக்கிறது! என் ரேடியோவில் தினமும் இரவு ஒன்பதுக்கு மேல் கொர்ரென்று ஒரு இரைச்சல். கையடக்க ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க மோப்பம் பிடித்தேன். காவலாளி திருடி என்று நினைத்து விசிலே ஊதிவிட்டான். கடைசியில் பார்த்தால், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். குற்றவாளி என் தலைக்கு மேலேயே இருந்தது! தையல்காரரின் குழல்விளக்கு. நானே ஸ்டூல் போட்டு ஏறி ஸ்டார்ட்டரை மாற்றினேன். பாதி இரைச்சல் போச்சு. மீதி அவருடைய மோட்டார் தையல் எந்திரம். அதைப் பற்றிச் சமாதானப் பேச்சு நடக்கிறது.

இன்னொன்று கண்டுபிடித்தேன். அந்த நூறு கிலோவாட் மலைப்பாம்பு மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நள்ளிரவு பன்னிரண்டுக்கு வாயை மூடுகிறது, பராமரிப்புக்காக. நாலு மணிவரை 1395 காலி! ஆனால் அண்ணனும் பன்னிரண்டுக்கே மூடிவிடுகிறானே. கடைசி ஒரு நிமிடமாவது கிடைக்காதா என்று செப்டம்பர் பதின்மூன்று உட்காரப் போகிறேன்.

உங்கள் முழங்கால் எப்படி என்று இந்த முறையாவது எழுதுங்கள்.

நாத்தனார்


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? உங்களிடமிருந்து பதிலே இல்லை. கோபமா?

நேற்று பெரிய நிலையம் பன்னிரண்டுக்குப் பத்து விநாடி முன்பே ஓய்ந்தது. அந்தப் பத்து விநாடியில் ஒரு ஆண் குரல், ஏதோ ஒரு சொல்லின் வால். அப்புறம் வெறும் காற்று. அண்ணனா? தெரியாது. தெரியாததால் குறிக்கவில்லை, அறிக்கையும் அனுப்பவில்லை. ஆனால் 1395இல் யாரோ இருக்கிறார்கள், அண்ணி! தையல்காரர், "அடுத்த மாசம் பன்னெண்டு மணிக்கு மேல மிஷினைத் தொடவே மாட்டேம்மா, என்னையும் கேட்க விடு" என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

நாத்தனார்


அக்டோபர் 3

வாலுக்கு,

கோபமில்லை. முழங்கால் தேவலை. உன் அண்ணன் இருமல் போனது, தூக்கம் போனது.

எழுத நிறைய இருக்கிறது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதென்று நீதானே சத்தியம் வாங்கினாய்? ஆகையால் சொல்லவில்லை. வாய் அரிக்கிறது, நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

பதினோராம் தேதி மத்தியானம் நன்றாகத் தூங்கு. மருந்துக்கடைக்காரியின் அறிவுரை, அவ்வளவுதான்.

அண்ணி


அக்டோபர் 12, விடியற்காலை

மதிப்பிற்குரிய நேயர் தொடர்பு அலுவலருக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன்.

நேற்று நள்ளிரவு 1395இல் தங்கள் நிலையத்தைக் கேட்டேன் என்று நினைக்கிறேன். வலிமை ஐந்துக்கு இரண்டு. சென்ற முறை கேட்காததையும் எழுதிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இந்த முறை கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

12.04: ஒரே சீரான ஊதல் ஒலி, இரண்டு நிமிடம். இப்படி ஒலித்தால்தான் தொலைவில் இருப்பவர் ஊசியைச் சரியாக நிறுத்த முடியும். இதைச் செய்தவருக்கு நன்றி.

12.06: "ஆண்டெனா சோதனை" என்று ஆண் குரலில் மூன்று முறை, நிறுத்தி நிறுத்தி. தொடர்ந்து நிலையத்தின் பெயர், நான்கு முறை. மூன்றாவது முறைதான் முழுதாகக் கேட்டது.

12.11 முதல் 12.38 வரை: நிலையத்தின் தட்டுமுட்டுச் சாமான் பட்டியல். இதை யாரும் ஊகிக்க முடியாது என்பதால்தான் வாசித்தீர்கள் என்று புரிந்துகொண்டேன். ஏறத்தாழ நாற்பது பொருளில் நான் பிடித்தது ஆறு: நாற்காலி பதினொன்று, அதில் கால் ஆடுவது மூன்று. ஏணி ஒன்று. இரும்பு அலமாரி, சாவி இல்லை. சுவர்க் கடிகாரம் இரண்டு, ஓடுவது ஒன்று. மண்வெட்டி. தீயணைக்கும் வாளி ஐந்து. உடனிருந்த தையல்காரர் "பித்தான்" என்றும் கேட்டதாகச் சொல்கிறார். அவருக்கு எங்கும் பித்தான்தான். அதைச் சேர்க்கவில்லை.

12.40: "இதைத் தொலைவில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்..." என்று தொடங்கினீர்கள். உடனே அலை மங்கிவிட்டது. மீதி கேட்கவில்லை. என்னவாக இருக்கும் என்று ஊகிக்க மனம் கிடந்து துடித்தது. ஊகிக்கவில்லை.

12.41: அறிவிப்பாளர் ஒரு நீளமான கொட்டாவி விட்டார். ஒலிவாங்கியை மூட மறந்திருக்கலாம்.

12.43: "வணக்கம்." பிறகு எதுவும் இல்லை.

குரல் எனக்குத் தெரிந்தவருடையது போல இருந்தது. ஆனால் அது சான்று ஆகாது என்பதால் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவுதான் கேட்டது. சரியாக இருந்தால் அட்டை அனுப்பவும். தவறாக இருந்தால் முன்போலத் தவறென்று எழுதவும், அதுவும் எனக்குப் போதும்.

தங்கள் நேயர்


நவம்பர் 2

மதிப்பிற்குரிய நேயருக்கு,

வணக்கம். தங்கள் அக்டோபர் 12 தேதியிட்ட அறிக்கை கிடைத்தது. இங்கு அனைவரும் நலம்.

அறிக்கை நிலையப் பதிவேட்டோடு ஒப்பிடப்பட்டது. ஊதல் ஒலி, அறிவிப்பு, தாங்கள் குறித்த ஆறு பொருட்கள், அனைத்தும் சரி. ஒரு கிலோவாட்டில் எங்கள் நிலையம் எட்டிய அதிகபட்சத் தொலைவு இது. தலைமைப் பொறியாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார் (கால் ஆடும் மூன்றில் ஒன்று அது). பித்தான் பட்டியலில் இல்லை. தையல்காரரிடம் எங்கள் வருத்தத்தைத் தெரிவிக்கவும். அட்டை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் இரு பதிவுகள் தவறு. தவறான பதிவின் மேல் நான் கையொப்பம் இடுவதில்லை என்பதால் கீழ்க்கண்டவாறு திருத்திக்கொள்ளவும்.

12.40: அலை மங்கவில்லை. அறிவிப்பாளரால் மேற்கொண்டு பேச முடியவில்லை. வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

12.41: அது கொட்டாவி அன்று.

சோதனைக்கு அனுமதி கேட்டு மேலாளரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். ஆண்டெனாவில் ஒரு கோளாறும் இல்லை. நீ ஆகஸ்டில் எழுதிய கடிதத்தை உன் அண்ணி சாப்பாட்டு மேஜையில் மறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை என்று உனக்கே தெரியும். அன்று அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதியே வைத்திருந்தேன். பத்தொன்பது வருடமாக இதே வேலை பார்க்கிறேன், எழுதிவைத்த ஒரு வரியை வாசிக்க முடியாமல் போனது அன்றுதான்.

வாசிக்காமல் விட்டதைப் பதிவுக்காக இங்கே எழுதுகிறேன்.

இதைத் தொலைவில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அந்த மூன்று ராத்திரியும் நீ தனியாக இருந்தாய் என்பதை மூன்று வருடமாக நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. கதவு திறந்திருக்கிறது, கிளம்பி வா.

அண்ணன்